பிரபாத் சாலையில் வீடு வாங்குவோர்க்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புணே நகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களிலெல்லாம் இந்நாளில் ஒரு கேள்வி எழுகின்றது. "பிரபாத் சாலைப் பக்கம் ஒரு வீடு வாங்கலாமா?" என்பதே அது. விலையைப் பற்றிச் சொல்லத் தரகர் பலர் உளர். அங்கு வாழ்வோர் எத்தகையோர், அவர்களோடு வாழ நாம் எத்தகையோராக வேண்டும் என்று சொல்வார் அரியர். அதனைச் சிறிது சொல்ல முன்வந்தோம்.

பழைய புணே என்பது பேட்டைகளின் நகரம். கஸ்பா, சனிவார், சதாசிவ் என அவை முட்டா ஆற்றின் கீழ்க்கரையில் நெருங்கி நிற்பன. லக்டி புல் என்னும் பாலத்தைக் கடந்து மேற்கே வந்தால் டெக்கான் ஜிம்கானா. 1906ஆம் ஆண்டில் விளையாட்டுக் கழகமாகத் தொடங்கிய அதன் பெயரே நாளடைவில் அவ்வட்டாரத்தின் பெயராயிற்று. பேட்டையின் நெருக்கத்தை விட்டு வந்தோர், தோட்டம் சூழ்ந்த தனி வீடுகளைக் கட்டி அங்கே குடியேறினர்.

கோலாப்பூரில் 1929இல் தோன்றிய பிரபாத் திரைப்பட நிறுவனம் 1933இல் புணேக்கு வந்தது. சாலைக்கு அதன் பெயரே நிலைத்தது. பிரபாத் என்றால் வைகறை என்பது பொருள். அந்நிறுவனத்தை நாம் அயலாக எண்ண வேண்டுவதில்லை. பாபநாசம் சிவன் இசையமைத்து, எஸ். ராஜம் இராமனாக நடித்த 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் படத்தை 1934இல் தந்தது அந்த நிறுவனமே. அதன் படப்பிடிப்பு வளாகத்திலேதான் 1960இல் அரசின் திரைப்படக் கல்லூரி அமைந்தது.

இனி, அங்கு வாழ்ந்தோரைப் பார்ப்போம். அருகிலேயே பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் 1917 முதல் நிற்கின்றது. மகாபாரதத்தின் சுவடிகளை ஒப்புநோக்கித் திருத்தமான பதிப்பொன்றை உருவாக்கும் பணியை 1919இல் மேற்கொண்டு, 1966 வரை இடைவிடாது செய்து முடித்தது. தொடங்கியவர் பலர் முடிவைக் காணவில்லை. ஆயினும் பணி நிற்கவில்லை. கணித அறிஞரும் வரலாற்று ஆசிரியருமான டி. டி. கோசாம்பி அப்பக்கத்தில் வாழ்ந்து, டெக்கான் குயின் ரயிலில் பம்பாய் சென்று பணியாற்றித் திரும்பினார். இத்தகையோரால் அமைந்தது அவ்வட்டாரத்தின் பண்பு. அங்கே செல்வம் உண்டு. செல்வத்தைக் காட்டிக்கொள்ளுதல் மட்டும் குறைவு. பெரிய வீட்டின் முதியவர் பருத்திச் சட்டையுடன் பையைத் தூக்கிக் காய்கறி வாங்கச் செல்வதை இன்றும் காணலாம்.

அவர்கள் பேச்சும் அத்தகையதே. 'புணேரி பாட்டி' என்றதும் நம் பிள்ளைகள் ஒரு மூதாட்டியை நினைப்பார்கள். மராத்தியில் 'பாட்டி' என்றால் அறிவிப்புப் பலகை. வாயிலின் முன் வண்டியை நிறுத்தாதே, உச்சிப் பொழுதில் மணியடிக்காதே என்று சுருக்கென்று தைக்குமாறு எழுதித் தொங்கவிடுவது இந்நகரத்தார் வழக்கம். அதனைச் செருக்கென்று கொள்வோர் உளர். நாமும் வந்த புதிதில் அவ்வாறே எண்ணினோம். பழகிய பின்னரே, சொல் கடிதாயினும் நெஞ்சு கடிதன்று என்பதை உணர்ந்தோம். வேதாள் டேக்டிக் குன்றின் ஊடே சாலை அமைக்கும் திட்டம் வந்தபோது, எதிர்த்து நின்றவர்களுள் நாள்தோறும் அங்கு உலாவச் செல்லும் முதியோரும் பலர். தமக்கென ஒன்றும் கேளாது ஒரு குன்றுக்காக வீதிக்கு வந்தவர்களை அயலாராகப் பெறுதல் பேறு அன்றோ?

இப்போது, சொல்லக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தோட்ட வீடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஒரு குடும்பம் வாழ்ந்த மனையில் பல அடுக்கு மாளிகை எழுகின்றது. "நகரைக் கெடுத்துவிட்டார்கள்" என்று கட்டுவோரைக் குறை கூறுகின்றோம். வாங்குவோர் இல்லாமல் எவர் கட்டுவர்? அவ்வாறு வாங்குவோர் நாமே. நம்மவர் ஒருவர் ஒரு மாமரத்தின் நிழலைக் கண்டு மயங்கி முன்பணம் கொடுத்தார். கட்டடம் முடிந்து திறவுகோல் கைக்கு வந்தபோது அந்த மரம் இல்லை. அதன் இடத்தில் வண்டி நிறுத்துமிடம் இருந்தது. எதனை விரும்பி வாங்குகின்றோமோ அதனையே நம் வாங்குதல் அழித்துவிடுமாயின், நாம் பெற்றது என்ன?

ஆகவே வீடு வாங்க வேண்டா என்போமல்லோம். கண் திறந்து வாங்குக என்போம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த மகாரேராவில் அத்திட்டம் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். சுவருக்குள் அமைந்த கார்ப்பெட் பரப்பு எவ்வளவு என்று கேட்டு, அதனைக் கொண்டே விலையைக் கணக்கிடுங்கள். ஆற்றை ஒட்டிய தாழ்நிலமாயின், 1961 ஜூலை 12இல் பான்ஷெட் அணை உடைந்து ஆறு ஊருக்குள் புகுந்ததை நினைவிற் கொள்ளுங்கள். எந்த மரங்கள் நிற்கும், எவை வீழும் என்பதை எழுத்தில் பெறுங்கள். பழைய வீடு ஒன்று விற்பனைக்கு வந்து, அதனைப் பழுது பார்த்து வாழும் வசதியும் உங்களுக்கு இருக்குமாயின், அதனை முதலில் எண்ணுங்கள்.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை அதனினும் பெரியன. பூட்டிவைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பதற்கு ஒரு வீட்டை வாங்காதீர்கள். விளக்கெரியாத சன்னல்கள் ஒரு தெருவைக் கொல்லும். பிள்ளைகள் தமிழ் மறவாதிருக்கச் சங்கத்துக்கு அனுப்புங்கள்; அயலாரோடு பேச மராத்தியும் பயிற்றுங்கள். குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டத்துக்குச் சென்று அமருங்கள். ஒரு முறையேனும் அந்தக் குன்றின் மேல் ஏறி நில்லுங்கள். உங்கள் தெரு எவ்வளவு பசுமைக்குக் கடன்பட்டிருக்கின்றது என்பது அங்கிருந்து தெரியும்.

வீட்டைப் பணம் கொடுத்து வாங்கலாம். அயலை வாங்க முடியாது. வாழ்ந்துதான் பெற வேண்டும். அவ்வாறு பெறும் குடும்பங்கள் நம்மிடையே பெருகுக என வாழ்த்தி அமைகின்றோம்.