மேல்மலைக்கு ஏறாத மாத்திரை



யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியர் கடைசி மூன்று மாதம் வலியில் துடித்தார் என்று அவர் மகள் சொன்னார். “போதை மருந்து வேண்டாம்னு நாங்கதான் சொல்லிட்டோம் டாக்டர்.”

இந்தக் கொடைக்கானலில் போதை என்றதும் போதைக் காளான்தான் நினைவுக்கு வரும். அந்தக் காளானுக்கும் புற்றுநோயாளியின் வலி போக்கும் மார்ஃபினுக்கும் 1985ஆம் ஆண்டின் ஒரே போதைப்பொருள் சட்டம். கடத்தல்காரனைப் பிடிக்க எழுதிய சட்டம் ஆஸ்பத்திரி அலமாரியைப் பூட்டியது. பல மாநிலங்களில் ஒரே மருந்துக்கு நான்கைந்து உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. பன்னிரண்டே ஆண்டில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. மார்ஃபின் எடுக்கும் அபினிச் செடியோ மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு உப்பில்லாமல் சாப்பிட்டோம்.

நானும் அதில் ஒருவன். மயக்க மருந்து மருத்துவனான நான் ஆபரேஷன் தியேட்டரில் தினமும் மார்ஃபின் ஊசி போட்டேன். அந்த நாட்களில் புற்றுநோய் வார்டுக்கு ஒரு மாத்திரைகூட எழுதியதில்லை. ஓர் ஆம்பூல் கை தவறி உடைந்தால் கண்ணாடித் துண்டைப் பொறுக்கி வைத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, விளக்கம் எழுத வேண்டும். எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

மார்ஃபின் மாத்திரை ஒன்று சில ரூபாய்தான். லாபம் குறைவு, பதிவேடு அதிகம். கடைக்காரர் ஏன் வைப்பார்? தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையோ நூற்றுக்கணக்கில் விலை, மூன்று நாளுக்கு ஒன்று. விழுங்க முடியாதவருக்கு அது வரம். விழுங்கக்கூடியவருக்கு அதை எழுதிக் கொடுப்பது அவர் மடியில் கைவைப்பது.

ஆனால் மலையில் பெரிய செலவு மருந்தல்ல, அதை வாங்கப் போகும் பயணம். சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்வது சுமார் நான்கு மணி நேரம். மேல்மலைக் கிராமமான கிளாவரையிலிருந்து பஸ் பிடித்து கொடைக்கானல் வந்து, வத்தலக்குண்டுக்கு இறங்கி, மதுரை போய்ச் சேருவதற்குள் அதைவிட அதிக நேரம் போய்விடும். வெள்ளகவி மலைக் கிராமத்திலோ நோயாளியை டோலி கட்டித்தான் தூக்க வேண்டியிருந்தது. துணைக்கு வருகிறவரின் பூண்டுக்காட்டுக் கூலியும் சேர்ந்து போகிறது. ஒரு வாரத்து மாத்திரைக்காக இத்தனையும்.

2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே விதி. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை வாங்கி வைக்கலாம். இருந்தும், இந்தியாவின் வலிமருந்துத் தேவையில் நான்கு சதவீதம்தான் கிடைக்கிறது என்று 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் தொடங்கி, படுத்த படுக்கையானவர் வீட்டுக்கு நர்ஸ் போகிறார்.

மருந்துக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயம் வெறும் பிரமையல்ல. 1996இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை அமெரிக்காவை என்ன செய்தது என்று படித்திருப்பீர்கள். அங்கே முதுகுவலிக்கெல்லாம் விற்பனைப் பிரதிநிதிகள் அதைத் தள்ளினார்கள். நான் பேசுவது வாய்ப்புற்றில் எச்சில் விழுங்க முடியாமல் விடிய விடிய உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. அவருக்குக் குறைந்த அளவில் தொடங்கி, வலியைக் கேட்டுக் கேட்டுக் கூட்ட வேண்டும். அளவு மீறினால் மூச்சு மந்தமாகும். அதை வீட்டாருக்குச் சொல்லித்தர வேண்டும். கூடவே மலமிளக்கி. அதை எழுத மறக்கிற டாக்டரை நோயாளி பத்தாம் நாள் சபிப்பார். நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேல்மலை விவசாயி ஒருவருக்கு, அடிவாரத்துச் சிறு மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தனுப்பினேன். மருந்தாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருபது நாளில் அந்த விவசாயி இறந்துபோனார். காரியம் முடிந்து அவர் மனைவி இரண்டு பஸ் மாறி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்ச மாத்திரைகளை மேசையில் கொட்டினார்.

“இது உங்க கணக்குல இருக்கும்ல சார்.”

எண்ணினோம். ஒன்றுகூடக் குறையவில்லை.