வீட்டைக் கட்டும்போது ஊரையும் நினையுங்கள்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான வீடமைப்பு விளக்கக் கூட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முகாமிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்திருக்கின்றீர்கள். பலர் இன்னும் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழேதான் இருக்கின்றீர்கள். அடுத்த மாரிக்கு முன் வீடு வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு விளங்குகின்றது. ஆயினும் அத்திவாரம் வெட்டுவதற்கு முன் சில விடயங்களை ஆறுதலாகக் கதைப்போம்.

முதலில் இந்த வீட்டுத்திட்டம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1978இல் ஒரு இலட்சம் வீடுகள் திட்டம் தொடங்கியபோது ஒரு பகுதி வீடுகளை அரசாங்கமே நேரடியாகக் கட்டிக் கொடுத்தது. 1984இல் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் வந்தபோது அந்த முறை மாறியது. வீட்டுக்காரரே கட்ட, அரசாங்கம் சிறு கடனும் ஆலோசனையும் கொடுத்தது. 2012இல் வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டமும் இந்த இரண்டாவது வழியைத்தான் பின்பற்றியது. அதில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும், சேதமடைந்த வீட்டைத் திருத்துவதற்கு 250,000 ரூபாவும் நன்கொடையாகக் கிடைத்தன. இது கடன் அல்ல. பணம் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குத் தவணை தவணையாக வரும். ஒரு கட்ட வேலை முடிந்து, உத்தியோகத்தர் பார்த்து உறுதிப்படுத்திய பின்னரே அடுத்த தவணை வரும்.

மேசனைத் தெரிவு செய்வதும் சீமெந்து வாங்குவதும் நீங்கள்தான். வீட்டின் அளவைத் தீர்மானிப்பதும் நீங்கள்தான். இதில் நன்மையும் இருக்கின்றது, ஆபத்தும் இருக்கின்றது. ஆபத்தை முதலில் சொல்லுகின்றேன்.

நான் முன்பு வேலை செய்த ஒரு கிராமத்தில் ஐந்து பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் இருந்தார். இடம்பெயர முன்னர் அவருக்குப் பெரிய கல்வீடு இருந்தது. அதே அளவில் திரும்பவும் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். திட்டத்தில் சொன்னது 550 சதுர அடி. அவர் போட்டது 900 சதுர அடிக்கு அத்திவாரம். கயிறு பிடித்து அளந்த அன்று நானும் அங்கே நின்றேன். "ஐயா, இது பெரிது" என்று ஒருமுறை சொன்னேன். அவருடைய முகத்தைப் பார்த்து மேற்கொண்டு வற்புறுத்தாமல் விட்டுவிட்டேன். யன்னல் மட்டத்தில் பணம் முடிந்தது. வேலை அந்தக் கட்டத்தை எட்டாதபடியால் அடுத்த தவணையும் வரவில்லை. மனைவியின் தாலிக்கொடி அடைவு கடைக்குப் போனது. இரண்டு மாரி காலம் அந்தக் குடும்பம் அரைச் சுவர்களுக்கு நடுவே தறப்பாள் கட்டி இருந்தது. அன்று இன்னும் அரை மணித்தியாலம் இருந்து அவரோடு கதைத்திருக்க வேண்டும். அதனால்தான் போகின்ற இடமெல்லாம் இதைச் சொல்லுகின்றேன்.

எனவே அளவோடு தொடங்குங்கள். இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி. இதைக் கூரையோடு முடித்துக் குடிபுகுங்கள். வசதி வரும்போது பக்கத்தில் இன்னொரு அறை இறக்குவதற்கு இடம் விட்டு, வாசல் வைக்கக்கூடிய சுவரை இப்போதே தீர்மானித்துக் கொள்ளுங்கள். படிப்படியாக வளர்கின்ற வீட்டில் குறை ஒன்றுமில்லை.

அடுத்தது வீட்டின் அமைப்பு. பழைய வீடுகளில் விறாந்தை ஏன் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வெயில் நேரே சுவரில் படாது, மாரித் தூவானம் உள்ளே வராது. வந்தவர் இருந்து கதைப்பதற்கும் அதுவே இடம். செலவைக் குறைப்பதற்காக விறாந்தையை வெட்டிவிட்டுப் பின்பு வருந்தியவர்கள் பலர். நான்கடி அகலமாவது விடுங்கள். யன்னல்களை எதிரெதிரே வையுங்கள். சோளகக் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனால் பகலில் வீட்டுக்குள் இருக்கலாம்.

குசினியைப் பற்றி வீட்டிலுள்ள பெண்களைக் கேட்டு முடிவெடுங்கள். விறகில் சமைக்கின்ற குடும்பத்துக்குப் புகைபோக்கி இல்லாத குசினி உதவாது. அதைச் சாமான் அறையாக்கிவிட்டு வெளியே கொட்டில் போட்டுச் சமைக்கின்றவர்களை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கின்றேன்.

போரில் கால் இழந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், முதியவர்கள் உள்ள வீடுகளில் படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமையுங்கள். கதவு மூன்றடி அகலம் இருக்கட்டும். மலசலகூடத்துக்கும் இதே கணக்குத்தான். இவற்றைக் கட்டும்போதே செய்தால் செலவு கொஞ்சம். பின்பு உடைத்துச் செய்தால் இரட்டிப்பு.

கட்டுமானத்தில் மூன்று விடயங்களை மறக்க வேண்டாம். கடற்கரை மணலைப் பாவிக்காதீர்கள். உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். அரிந்த கல்லை ஏழு நாளாவது தண்ணீர் விட்டு நனைத்து வையுங்கள். சீமெந்து மிச்சம் பிடித்து, ஆறாமல் கட்டிய சுவர் வெடிக்கும். கூரையின் மரங்களைச் சுவரின் மேல் வருகின்ற கொங்கிறீட் வளையோடு கம்பி வைத்து இறுக்குங்கள். 1964 டிசம்பரில் மன்னாரையும் 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் தாக்கிய சூறாவளிகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும். உங்கள் கிணற்றை மட்டும் பார்த்தால் போதாது. வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு எங்கே இருக்கின்றது என்றும் பாருங்கள். சுண்ணாம்புக்கல் உள்ள இடங்களில் அழுக்கு நீர் வெடிப்புகளினூடாக வெகுதூரம் போகும். அங்கே உத்தியோகத்தரைக் கேட்காமல் குழி வெட்ட வேண்டாம்.

குழி என்றதும் இன்னொன்று. மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதி செய்யப்பட்ட இடத்தில் மட்டுமே வெட்டுங்கள். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியாலேயே திரும்பிக் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

இனி ஊரைப் பற்றிச் சொல்லுகின்றேன். முன்பு நமது வேலிகளில் ஒரு பொட்டு இருக்கும். அதால்தான் கறி போகும், நெருப்பெடுக்க ஆள் வரும், சுகமில்லை என்றால் குரல் போகும். இப்போது சிலர் வீட்டுக்கு முன்னரே மதில் கட்ட நினைக்கின்றார்கள். இத்தனை வருடம் பிறரின் கண்ணுக்கு முன்னால் வாழ்ந்தவர்களுக்கு மறைப்பு வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனாலும் கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்திருக்கும் ஒரு தாய்க்கு, இரவில் கூப்பிட்டால் கேட்கின்ற தூரத்தில் அயல் இருப்பதுதான் பெரிய காவல். அவரின் மலசலகூடம் வளவின் கோடியில் இருக்கக் கூடாது. அவரின் வாசல் இன்னொரு வீட்டின் விறாந்தையிலிருந்து தெரிய வேண்டும். மதிலுக்குச் செலவழிக்கின்ற பணத்தை முதலில் கூரைக்குப் போடுங்கள். வேலி இருக்கட்டும், பொட்டும் இருக்கட்டும்.

பயனாளிகள் தெரிவில் மனக்கசப்பு வருகின்றது என்பதும் எங்களுக்குத் தெரியும். குடும்பத்தின் நிலைமைக்குப் புள்ளியிட்டே பட்டியல் தயாரிக்கப்படுகின்றது. அது பொது இடத்தில் ஒட்டப்படும். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். உங்களுக்கு முன் பெயர் வந்த அயலவரோடு கோபிக்காதீர்கள்; பட்டியலை எழுதியவர் அவரல்ல. பெயரைச் சேர்த்துத் தருகின்றோம், தவணையை எடுத்துத் தருகின்றோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள்.

ஆள்வலு இல்லாத வீடுகளுக்குக் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கைகொடுக்க வேண்டும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து சீமெந்தும் ஓடும் வாங்கினால் லொறிக்கூலி பங்கிடப்படும். அத்திவாரம் வெட்டுகின்ற நாளில் முறைவைத்து ஆளுக்காள் உதவினால் கூலி மிச்சம். பொதுக்கிணறு இறைப்பது, ஒழுங்கை திருத்துவது, முன்பள்ளிக்கு நிழல்மரம் நடுவது போன்றவற்றைச் சிரமதானமாகச் செய்யுங்கள். ஒரு வேம்பை இன்று நட்டால் உங்கள் பிள்ளைகள் அதன் கீழே விளையாடுவார்கள்.

கடைசியாகக் காணிப் பத்திரம். உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்திருந்தால் இப்போதே பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால் உங்களுக்குப் பின் அது யாருக்கு என்பதை உயிரோடு இருக்கும்போதே பதிந்து வையுங்கள். பதியாமல் விட்டால் குடும்பத்துக்குப் பின்பு சிக்கல் வரலாம். பற்றுச்சீட்டுகளையும் வங்கிப் புத்தகத்தையும் பத்திரத்தோடு ஒரே உறையில் பாதுகாத்து வையுங்கள்.

நாளை காலை இந்தக் கிராமத்தில் முதல் நான்கு வளவுகளுக்கு அளவெடுக்க வருகின்றோம். அதற்கு முன் இன்றிரவு குடும்பத்தோடு இருந்து, விறாந்தை எந்தப் பக்கம், குசினி எந்தப் பக்கம், பணம் எவ்வளவு என்று பேசி முடிவெடுங்கள். ஒரு தடியால் முற்றத்து மண்ணில் கீறிப் பாருங்கள். நீங்கள் கீறியதை வைத்துக்கொண்டே நாளைக்குக் கதைப்போம். பெரிதாகக் கீறியிருந்தால் இம்முறை நான் ஒரு தடவை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன்.