இருபது படங்களுக்குள் ஒரு கலியாணம்



ரொறன்ரோவில் இருக்கும் பெண் மூன்று கிழமை லீவில் யாழ்ப்பாணம் போய் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், எழுதிவிட்டுத் திரும்புகிறாள். மாப்பிள்ளை கனடா வந்ததும் மண்டபம் எடுத்துத் தாலிகட்டை வைக்கலாம் என்று இரு வீட்டாரும் பேசி முடிக்கிறார்கள். தமிழ்ச் சனத்துக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கான ஸ்பொன்சர் விண்ணப்பக் கோப்பைத் திறக்கும் கனடாக் குடிவரவு அதிகாரிக்கோ, பதிவாளரின் மேசை முன்னால் நாலு பேர் நிற்கும் படம்தான் கலியாணம். மேளம் எங்கே, சொந்தக்காரர் எங்கே என்று அவர் யோசிப்பார். எழுத்து என்றால் என்ன, தாலிகட்டு ஏன் தள்ளிப்போனது என்பதை விண்ணப்பத்திலேயே விளக்கிவிட வேண்டும். அதிகாரி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் அல்ல.

கனடாச் சட்டம் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. இந்த உறவு உண்மையானதா? குடிவரவு உரிமை பெறுவதே இந்தக் கலியாணத்தின் முதன்மை நோக்கமா? 2010 செப்டம்பர் வரை இரண்டிலும் தவறினால்தான் நிராகரிப்பு. அதன்பின் ஒன்றில் தவறினாலே போதும். இன்றைக்கு எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும், அன்றைய நோக்கத்தில் விழுந்த சந்தேகம் ஒரு குடும்பத்தைப் பிரித்து வைத்துவிடும். இது மிகக் கடுமையான விதி.

விண்ணப்பத்தோடு சான்றாக இணைக்கக்கூடியவை அதிகபட்சம் 20 படங்கள், உரையாடல் பதிவு 10 பக்கம். இருபதையும் கூறைச்சேலையோடு நிரப்பிவிடக் கூடாது. அம்மம்மாவோடு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும் படம் ஒன்று வேண்டும். ஒரே கிழமையில் பரிமாறிய அன்பு வார்த்தைகளைவிட, மாதத்துக்கு ஒன்றாகப் பொறுக்கிய சாதாரணப் பேச்சுக்குப் பெறுமதி அதிகம்: மாமியின் மருந்துச் செலவுக்கு அனுப்பிய காசு, வீட்டு வாடகை பற்றிய வாக்குவாதம், "சாப்பிட்டாச்சோ?"

இங்கே பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். "தரகர் பேசிய கலியாணம் என்று எழுதாதேங்கோ, காதல் என்று எழுதுங்கோ" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். பேச்சுக் கலியாணத்தை அந்தச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. யார் பேசினார்கள், எப்போது குறிப்புப் பார்த்தார்கள், எத்தனை பொருத்தம் என்பதெல்லாம் நல்ல சாட்சியங்கள். முந்தைய விவாகரத்தையும் அப்படியே சொல்ல வேண்டும். கட்டிய கதை நேர்முகத்தில் அவிழ்ந்து பொய்த் தகவல் என்று முடிவானால், ஐந்து வருடத் தடை.

போலிக் கலியாணங்கள் நடக்கின்றன, மறுக்க முடியாது. அவற்றைத் தடுக்கவென்று 2012இல் ஒரு நிபந்தனை வந்தது. சேர்ந்து இரண்டு வருடம் நிறையாத, பிள்ளை இல்லாத தம்பதியர் என்றால், வந்தவர் மேலும் இரண்டு வருடம் துணையோடு வாழ்ந்தாக வேண்டும். இதனால் அடிபட்ட பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறப் பயந்தார்கள். கொடுமைக்கு விதிவிலக்கு இருந்தும் அந்தப் பயம் போகவில்லை. 2017இல் அரசாங்கமே அதை நீக்கியது.

வெளிநாட்டிலிருந்து போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், ஸ்பொன்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கே புதிய சாட்சியங்களையும் வைக்கலாம். ஊரில் இருக்கும் கணவரோ மனைவியோ மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் தமிழிலேயே சாட்சி சொல்லலாம். கடிதம் வந்த அன்றே திகதியைக் குறித்துவைத்து, ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.