வேகம் வேறு, தாமதம் வேறு

(சங்கத்தின் ஆண்டு விழாவில், ஜீடிமெட்லாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

 இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில், வீட்டு மூலையில் கண்சிமிட்டிக் கொண்டிருக்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றிப் பேச முற்பட்டது ஏன் என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். விடை எளிது. பிழைப்பை நாடி ஜீடிமெட்லாத் தொழிற்பேட்டையின் அருகே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரோடு இருந்த உறவெல்லாம் ஒரு காலத்தில் நீலநிற உள்நாட்டுக் கடிதத்தில் அடங்கிற்று. இன்று அவ்வுறவு இப்பெட்டியின் வழியே ஓடுகிறது. திருநெல்வேலியிலுள்ள பாட்டி பேரனின் முகத்தைக் காண்பதும், மகன் வீட்டிலிருந்தே அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொள்வதும், மகள் வேலைக்கான நேர்முகத் தேர்வில் விடையளிப்பதும் இதன் வழியேதான். ரவுட்டர் எனப்படும் இப்பெட்டி நம் இல்லங்களுக்கு இன்னொரு வாயிற்படி. வாயிற்படி செவ்வையாக இல்லாவிடில் வீட்டார் அனைவரும் இடறுவர் அன்றோ?

இடறல் எத்தகையது என்பதை நீங்கள் அறிவீர்கள். பாட்டியின் குரல் அறுந்து அறுந்து வருகிறது. ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை வருமுன் அடுத்த கேள்வி புறப்பட்டுவிடுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் வாய்மூடி நிற்கின்றனர். நேர்முகத் தேர்விலோ, மகள் உடனே சொன்ன விடை தாமதித்துச் சென்று சேர, அவள் விடை தெரியாது தயங்கினாள் என்று எதிரே இருப்பவர் எண்ணிவிடுகிறார். உடனே வீட்டில் வழக்கு எழுகிறது. தம்பி படம் பார்த்தான், அக்காள் கோப்பு அனுப்பினாள் என்று ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்துகின்றனர். வீட்டுத் தலைவர் மாதக் கட்டணத்தை உயர்த்தி மேலும் வேகமான இணைப்பை வாங்குகிறார். சில நாள் கழித்து அதே இடறல் திரும்பி வருகிறது. பழியும் பொருந்தவில்லை, பணமும் பயன்படவில்லை. காரணம் யாது? வேகம் வேறு, தாமதம் வேறு என்பதை நாம் பிரித்தறியவில்லை என்பதே.

நம் தொழிற்பேட்டையின் ஒரு தொழிற்சாலை வாயிலை எண்ணிப் பாருங்கள். வாயில் குறுகலானது. இருபது லாரிகள் சரக்கோடு வரிசையில் நிற்கின்றன. அவற்றின் பின்னே ஒரு தபால்காரர் ஒற்றைக் கடிதத்துடன் மிதிவண்டியில் வந்து நிற்கிறார். அவர் நுழைய ஒரு நொடி போதும். ஆயினும் இருபது லாரிகளும் நுழையும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாயிலுக்கு முன்னுள்ள நிறுத்துமிடத்தை இன்னும் அகலமாக்கினால் அவருக்கு நன்மை உண்டோ? இல்லை. இன்னும் நாற்பது லாரிகள் அவருக்கு முன்னே வந்து நிற்கும், அவ்வளவே. அனுப்பும் கோப்பு லாரி. பாட்டியோடு பேசும் குரல் தபால்காரர். ரவுட்டரின் நினைவகத்தில் செய்திப் பொட்டலங்கள் காத்துக்கிடக்கும் தேக்கம்தான் அந்த நிறுத்துமிடம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். பெட்டிக்குள் 256 கிலோபைட் அளவு தேக்கம் இருக்கிறது என்று கொள்வோம். அனுப்பும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட்டாயின், நிறைந்த தேக்கம் வடிய 2 நொடிக்கு மேல் ஆகும். கட்டணத்தை உயர்த்தி வேகத்தைப் பத்து மடங்காக்கினாலும் தாமதம் 200 மில்லிநொடிக்குக் குறையாது. தொலைபேசி உரையாடல் இயல்பாக இருக்க, ஒரு திசையில் தாமதம் 150 மில்லிநொடிக்குள் அடங்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அகன்ற வாயிலோடு தேக்கமும் பெருத்துவிட்டால், பழைய தாமதம் அப்படியே நிலைத்து நிற்கும்.

இவ்வுண்மையை அறிஞர்கள் நெடுநாட்களுக்கு முன்பே கண்டனர். தேக்கத்தை எல்லையின்றிப் பெருக்கினாலும் வலையின் நெரிசல் தீராது என்று ஜான் நேகிள் என்பார் 1985ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லி நகரத்து ஆய்வுக்கூடத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையே, ஏறத்தாழ 400 கஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட் ஓடிய செய்தி வெறும் 40 பிட்டாகச் சுருங்கிற்று. அதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் ஒரு வழியைக் கூறினார்: ஒரு பொட்டலம் தொலைந்தால், பாதையில் நெரிசல் உண்டு என்று உணர்ந்து அனுப்புவோர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்றளவும் இணையம் குலையாது நிற்பதற்கு இக்கருத்து ஒரு பெருந்தூண்.

பின்னர் நினைவகச் சில்லுகள் மலிந்தன. ஒரு பொட்டலமும் தொலையக் கூடாது என்னும் நல்லெண்ணத்தால் பெட்டிகளில் தேக்கம் பெருக்கப்பட்டது. விளைவு என்ன? பொட்டலம் தொலைவதில்லை, ஆதலால் நெரிசல் என்னும் எச்சரிக்கை அனுப்புவோருக்கு உரிய காலத்தில் எட்டுவதில்லை, வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகிறது. 2010இல் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் தம் இல்லத்திலிருந்து கோப்புகளை அனுப்பியபோது, தாமதம் ஒரு நொடியையும் கடப்பதைக் கண்டு காரணத்தைத் தேடினார். இந்நோய்க்கு ‘பஃபர் புளோட்’, அதாவது தேக்க வீக்கம், என்ற பெயர் வழங்கலாயிற்று.

நோய் தெரிந்தபின் மருந்து பிறந்தது. 2012இல் கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்னும் முறையை வெளியிட்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்று இது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் காத்துநின்றது என்றே பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லிநொடிக் காலம் முழுவதும் 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்காவிடில், ஒரு பொட்டலத்தைக் கைவிட்டு அனுப்புவோரை எச்சரிக்கிறது. அதே ஆண்டில் எரிக் துமாசே இதனோடு இன்னொரு நெறியைச் சேர்த்தார். ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை. எல்லா வரிசைக்கும் முறை வைத்து வழி. சிறு செய்தி கொண்டு வருபவருக்கு முதலில் வழி. ‘எஃப்க்யூ-கோடெல்’ எனப்படும் இம்முறை 2012இல் லினக்சில் இடம்பெற்றது. இதனினும் விரிந்த ‘கேக்’ என்னும் முறை 2018இல் இணைந்தது.

இம்மருந்து மக்கள் இல்லங்களை எப்படி அடைந்தது என்பது நாம் பெருமையோடு கேட்கத்தக்க செய்தி. லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி 54ஜி என்னும் வீட்டு ரவுட்டர் லினக்சைக் கொண்டு இயங்கிற்று. பொது உரிமத்தின் விதிப்படி அதன் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட்டது. அதனை அடித்தளமாகக் கொண்டு 2004இல் ‘ஓப்பன் டபிள்யூஆர்டி’ என்னும் முயற்சி தோன்றியது. ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்பது இதன் கொள்கை. 2011 முதல் டேவ் டாட் என்பாரும் அவர்தம் தோழர்களும் ‘செரோ டபிள்யூஆர்டி’ என்ற பெயரில் சோதனை ஃபர்ம்வேர் அமைத்து, தன்னார்வலர் பலருடைய இல்லங்களில் இம்முறைகளை ஓட்டிப் பார்த்துத் திருத்தினர். இவ்வாறு ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருத்து வீட்டுக் கூடத்தில் சோதிக்கப்பட்டு உலகப் பொதுவாயிற்று. டேவ் டாட் 2025 ஏப்ரலில் மறைந்தார். அவர் உழைப்பு கோடிக்கணக்கான பெட்டிகளில் வாழ்கிறது.

இதில் நம் நாட்டின் பங்கு இல்லையோ என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. சிஸ்கோ நிறுவனத்தில் ரோங் பான், பிரீத்தி நடராஜன் முதலியோர் 2013இல் ‘பை’ என்னும் வேறொரு முறையை வெளியிட்டனர். அதனைத் தனித்தனி வரிசைகளோடு இணைக்கும் நிரலை, கர்நாடகத்துச் சூரத்கல்லில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் மோஹித் தஹிலியானியும் அவருடைய மாணவர்களும் எழுதினர். அந்நிரல் 2020இல் வெளிவந்த லினக்ஸ் 5.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது. நம் பிள்ளைகளை ஒத்த வயதினர் எழுதிய நிரல் அது. நம் இளைஞர்கள் இதனை மனத்தில் பதித்துக்கொள்வார்களாக!

இனி, நாம் செய்யத்தக்கது என்ன? முதலில் அளத்தல் வேண்டும். மருந்துக்கு முன்னே நாடி பார்த்தல் போன்றது அது. கணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து, வீட்டில் வேறெவரும் இணையத்தைப் பயன்படுத்தாத வேளையில் ‘பிங்’ என்னும் கட்டளையால் தாமதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெரிய கோப்பை மேலேற்றத் தொடங்கி, மறுபடியும் குறியுங்கள். அடுத்து ஒரு பெரிய கோப்பை இறக்கிக்கொண்டே குறியுங்கள். மூன்று எண்களும் நெருங்கியிருந்தால் உங்கள் இல்லத்தில் இந்நோய் இல்லை; வீண் செலவு செய்யற்க. கம்பியில் நன்றாகவும் கம்பியின்றிக் கேடாகவும் இருந்தால், குறை பெரும்பாலும் வைஃபையின் பாற்பட்டது. நெருங்கிய வீடுகள் நிறைந்த குடியிருப்பில் அண்டை வீட்டு அலைகளும் மோதும். பெட்டியை மாற்றிடத்தில் வைத்தோ, அலைத்தடத்தை மாற்றியோ பாருங்கள். கோப்பு ஓடும்போது மட்டும் எண் பன்மடங்கு ஏறுமானால், நோய் தேக்க வீக்கமே.

அதன்பின்னரே ஃபர்ம்வேரை மாற்றும் எண்ணம் எழ வேண்டும். இணைப்பு வழங்குவோர் கொடுத்த ஒளியிழைப் பெட்டியில் கைவைத்தல் கூடாது. நமக்குச் சொந்தமான ரவுட்டரை அதன் பின்னே இணைத்துக்கொள்ளலாம். அந்த ரவுட்டரின் மாதிரியும் பதிப்பெண்ணும் ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்கும் பட்டியலில் உள்ளனவா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட பழைய பெட்டிகள் இன்றைய பதிப்புகளுக்குத் தகா. மாற்றும்போது மின்சாரம் நின்றால் பெட்டி செயலற்றுப் போகக் கூடும். ஆதலால் யூபிஎஸ் இணைப்பிலிருந்தே இதனைச் செய்ய வேண்டும். பழைய ஃபர்ம்வேரைத் தனியே சேமித்து வைத்தலும், உத்தரவாதம் நீங்கக் கூடும் என்பதை அறிந்திருத்தலும் வேண்டும். தேர்வோ நேர்முகமோ இருக்கும் நாளின் முந்தைய இரவு இவ்வேலைக்கு உரியதன்று.

புதிய ஃபர்ம்வேரை ஏற்றியபின் ‘எஸ்க்யூஎம்’ என்னும் பகுதியை நிறுவி, வேகத்தின் எல்லையை அளந்து கண்ட வேகத்தில் 90 முதல் 95 விழுக்காடாக அமைக்க வேண்டும். சிறிது வேகத்தை ஏன் விட்டுக்கொடுப்பது? வரிசை எங்கோ வெளியில் நிற்காமல் நம் பெட்டிக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகவே. வரிசை நம் பெட்டியில் நின்றாலன்றி அதனை ஒழுங்குபடுத்த நம்மால் இயலாது. பத்தில் ஒரு பங்கை விட்டு வீடு முழுதும் அமைதி பெறுதல் நட்டமாகுமோ? பின்னர் அதே மூன்று அளவைகளையும் எடுத்து ஒப்பிடுங்கள். செவியின் நினைவை நம்பாமல் எண்ணை நம்புதலே சோதனையாகும். மிக வேகமான இணைப்பில் மலிவான ரவுட்டரின் செயலி இவ்வேலையைத் தாங்காது திணறுவதும் உண்டு. எண்களே அதனையும் காட்டிக் கொடுக்கும்.

எல்லாத் தாமதமும் இதனால் தீரும் என்று யாம் கூறவில்லை. ஒளியிழையில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். இங்கிருந்து 13,000 கிலோமீட்டர் அப்பாலுள்ள அமெரிக்க மேற்குக் கரையை அடைய, எக்கருவியாலும் குறைக்க இயலாத 65 மில்லிநொடி வேண்டும். அது தொலைவின் விலை. நம் வீட்டுக்குள்ளேயே வீணே காத்திருப்பதற்கு மட்டும் நாம் விலை கொடுக்க வேண்டியதில்லை.

எனவே சங்கத்தின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில், விரும்பும் குடும்பங்களின் இல்லங்களுக்குச் சென்று அளந்து கொடுங்கள். முன்னும் பின்னும் கண்ட எண்களை ஒரு ஏட்டில் பதியுங்கள். எந்த மாதிரிப் பெட்டி தேறியது, எது தேறவில்லை என்பது அவ்வேட்டில் இருந்தால், அடுத்து வரும் குடும்பம் பணத்தை வீணாக்காது. அளவைக்குப்பின் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று தெரிந்தாலும் அதுவும் ஒரு பயனே. வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் சுமத்திய பழியாவது நீங்கும்.

படம் பார்ப்பவரும் இருக்கட்டும். கோப்பு அனுப்புபவரும் இருக்கட்டும். எழுபது வயதுப் பாட்டியின் குரலும் உரிய நேரத்தில் வந்து சேரட்டும். வலியவரின் சுமை எளியவரின் வழியை அடைக்காதிருக்க முறை வகுப்பதே நல்ல ரவுட்டருக்கும் நல்ல குடும்பத்திற்கும் இலக்கணம். அம்முறையை விலையின்றி உலகுக்கு வழங்கிய அறிஞர்களுக்கு எம் நன்றி உரியது.