வெள்ளிப் பதக்கமும் வெட்டிய வாளும்



வாட்டர்லூ என்றதும் வென்ற வெலிங்டன் நினைவுக்கு வருகிறார். வீழ்ந்த நெப்போலியன் நினைவுக்கு வருகிறார். ஜான் லீஸ் எவர் நினைவுக்கும் வருவதில்லை. தளபதியின் பெயரைக் கல்லிலே பொறிக்கும் சரித்திரம், சிப்பாயின் பெயரை நீர்மேல் எழுத்தாக்கி விடுகிறதே!

1815 ஜூன் 18-இல் நடந்த அந்தப் போருக்காக, பிரிட்டிஷ் அரசு வெள்ளிப் பதக்கம் வழங்கிற்று. ஒருபுறம், மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசர் ஜார்ஜின் முகம். மறுபுறம், சிறகுடைய வெற்றித் தேவதை. விளிம்பிலே, பெற்றவனின் பெயர். தளபதிக்கும் அதே வெள்ளி. கடைசிச் சிப்பாய்க்கும் அதே வெள்ளி! எல்லாப் படிநிலையினருக்கும் ஒன்றுபோல அந்த அரசு வழங்கிய முதற்பதக்கம் அதுதான். ஆகா, சமத்துவம் மலர்ந்துவிட்டது என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா? சற்றே பொறுங்கள்!

அந்தப் போரில் நின்றவர்களுள் ஒருவர் ஜான் லீஸ். ஓல்டாம் நகரத்துத் துணித் தொழிலாளி. களத்திலிருந்து திரும்பியவரை வரவேற்றவை எவை? தானியச் சட்டம் ஏற்றிவிட்ட ரொட்டி விலை, தேய்ந்துபோன கூலி. அருகிலிருந்த மாஞ்செஸ்டர் மாநகருக்கோ, நாடாளுமன்றத்திலே தனக்கென ஓர் உறுப்பினர்கூட இல்லை!

1819 ஆகஸ்ட் 16. மாஞ்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடலிலே ஏறத்தாழ 60,000 மக்கள் திரண்டனர். கேட்டது கிரீடமல்ல, கருவூலமல்ல, வாக்குரிமை! மாஜிஸ்ட்ரேட்டுகள் ஏவினர், குதிரைப்படை பாய்ந்தது. வாட்டர்லூவில் போரிட்ட 15-ஆம் ஹுஸ்ஸார் படையும் அங்கே ஏவப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். லீஸ் வெட்டுண்டார், செப்டம்பர் 7-இல் மாண்டார். வயது 22.

வாட்டர்லூவிலே ஆளுக்கு ஆள் நின்று போரிட்டோம், இங்கே நடந்ததோ அப்பட்டமான கொலை என்று அவர் நண்பரிடம் கூறியதாகப் பதிவாகியிருக்கிறது. மரண விசாரணை தீர்ப்பின்றியே முடிந்தது. பத்திரிகை அக்கொடுமைக்குப் 'பீட்டர்லூ' என்று பெயர் சூட்டிற்று. இளவரசரோ மாஜிஸ்ட்ரேட்டுகளுக்கு நன்றி தெரிவித்தார். ஆம், பதக்கத்திலே பொலிந்த அதே முகத்துக்குரியவர்தான்!

தோழர்களே! அந்நியன் மீது வாளோங்கினால் வீரன். அரசிடம் உரிமை கேட்டால் கலகக்காரன். ஆதிக்கத்தின் அகராதி அது. அள்ளிக் கொடுக்க வெள்ளி இருந்தது. கிள்ளிக் கொடுக்க உரிமை இல்லை. அந்நாட்டு ஆடவர் அனைவரும் வாக்குரிமை பெற 1918 வரையிலும், பெண்கள் சரிநிகர் வாக்குரிமை பெற 1928 வரையிலும் போராட வேண்டியிருந்தது.

பதக்கம், ஆள்வோர் அளிப்பது. உரிமை, மக்கள் வென்றெடுப்பது. உங்கள் கையிலுள்ள வாக்குச்சீட்டு வெறுங் காகிதம் என்று எவரேனும் இகழ்ந்தால், ஜான் லீஸின் கதையை எடுத்துச் சொல்லுங்கள். வெள்ளியினும் விலையுயர்ந்த காகிதம் அது!