பதவி இருந்தும் அதிகாரம் இல்லையென்றால்?



நேரடி ஜனநாயகம், பிரதிநிதித்துவ ஜனநாயகம் என்று வகை பிரித்து எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்த வகைகளைச் சேரியிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் பிரதிநிதித்துவம். 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரட்டை வாக்குரிமை தந்தது. ஒரு வாக்கு நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க, இன்னொன்று பொதுத்தொகுதிக்கு. காந்தியின் உண்ணாவிரதத்தை அடுத்து, செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சட்டசபைகளில் நமக்கான இடங்கள் 148 ஆயின. இரட்டை வாக்கு போயிற்று. இடம் கூடியது. ஆனால் அந்த இடத்தில் அமர்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறிவிட்டது. இன்றைய தனித்தொகுதியிலும் வேட்பாளர் தலித், வாக்காளர் எல்லோரும்.

இதன் முழு விளைவை பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் கண்டோம். 1996இல் தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் முதலில் யாரையும் மனுத்தாக்கல் செய்ய விடவில்லை. பிறகு தங்கள் பேச்சைக் கேட்பவரை நிறுத்தி, வெல்ல வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். தேர்தல் நடந்தது, வாக்கு எண்ணப்பட்டது, வெற்றியும் அறிவிக்கப்பட்டது. ஜனநாயகம் மட்டும் நடக்கவில்லை. 2006 அக்டோபர் வரை பத்தாண்டுகள் இப்படியே கழிந்தன. மேலவளவில் பதவியை விட மறுத்த தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

அடுத்தது நேரடி ஜனநாயகம். நம் ஊர்களில் அதற்குப் பெயர் கிராம சபை. ஊரே கூடி முடிவெடுப்பது உயர்ந்த வடிவம் என்பார்கள். ஆனால் வாக்குச்சாவடியில் மறைப்புக்குப் பின்னே நிற்கும் கூலித் தொழிலாளியின் விரலை யாரும் பார்ப்பதில்லை. கிராம சபையில் அவர் கை தூக்கினால் நாளை வேலை கொடுக்க வேண்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். நிலமும் கூலியும் ஒருவர் கையில் இருக்கும் ஊரில், திறந்த சபை எளியவரின் வாயைக் கட்டும்.

அப்படியானால் எந்த வடிவமும் வேண்டாமா? அப்படியல்ல. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் நெடுங்காலம் சேர்ந்து நிலைக்காது என்றார். வடிவம் நமக்குக் கிடைத்த கருவி. அதற்கு வலு சேர்ப்பது நிலமும் கூலியும் கல்வியும் அமைப்பும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஊருக்குப் போங்கள். தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், யார் பேசுகிறார்கள், சேரியின் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால், ஏறும்வரை எழுந்து வராதீர்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

ஜெய்பீம்.