மொட்டை மாடி வெயிலும் வங்கி வட்டியும்

(நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பொருளாளர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு இவற்றுக்கு நாம் கட்டும் கரண்ட் பில்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிற்கிறதோ இல்லையோ, இங்கே வெயிலுக்குக் குறைவில்லை. தீப்பெட்டியும் பட்டாசும் இந்தப் பக்கம் வேர்விட்டதற்கே இந்தக் காய்ந்த வானிலை ஒரு காரணம். அதே வெயிலை நம்பித்தான் பக்கத்து மாவட்டத்தில், கமுதியில், 2016-ல் சுமார் 4,550 கோடி ரூபாயில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. நம் மாடிக்கு வேண்டியது 10 கிலோவாட், ஏறக்குறைய ஐந்தரை லட்சம். இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

வெயில் இலவசம். ஆனால் இருபது வருடக் கரண்டுக்கான பணத்தை முதல் நாளே எண்ணி வைக்க வேண்டும். அதனால் சோலாரில் பேனல் விலை மாதிரியே வட்டியும் முக்கியம். வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். 3.70 லட்சத்தை ஐந்து வருடத்தில் அடைக்க, 3 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 6,650 ரூபாய். 14 சதவீதமென்றால் 8,600. வளரும் நாடுகள் எல்லாவற்றுக்கும் இதே தலைவலிதான். அங்கே இத்தகைய திட்டங்களுக்குப் பணம் திரட்டும் செலவு பணக்கார நாடுகளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. மாடி சோலாருக்குக் கடன் கொடுக்கவென்று 2016-ல் உலக வங்கி நம் ஸ்டேட் வங்கிக்கு 62.5 கோடி டாலர் ஒப்புதல் செய்தது. நல்ல காரியம்தான். ஆனால் அப்படிப்பட்ட பணம் முதலில் போய்ச் சேருவது தொழிற்சாலைக் கூரைகளுக்கு. குடியிருப்போர் சங்கத்திடம் அடமானம் வைக்க என்ன இருக்கிறது?

இங்கேதான் ஓடந்துறையை நினைத்துக்கொள்ள வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு ஊராட்சி. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்க முடிவெடுத்தார்கள். 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். 2006-ல் காற்றாலை ஓடத் தொடங்கியது. ஊருக்கு வேண்டியது போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். கையில் சேமிப்பு இருந்ததால்தான் வங்கி நம்பியது. காற்று அப்புறம்தான்.

நம்மிடமும் சேமிப்பு இருக்கிறது. பராமரிப்பு நிதி 6.50 லட்சம் வைப்புத்தொகையில் கிடக்கிறது. அதை உடைக்க வேண்டாம் என்று மூன்றாவது மாடி அண்ணாச்சி சொன்னது சரி. நாளைக்கு லிஃப்ட் கயிறு போனால் யாரிடம் போய் நிற்பது? உடைக்காமல், அந்த டெபாசிட்டின் மேலேயே கடன் வாங்கலாம். டெபாசிட் வட்டியைவிட ஒரு சதவீதம் போலத்தான் கூடும். டெபாசிட்டுக்கு 7 என்றால் கடன் 8. வேறு அடமானம் கேட்க மாட்டார்கள்.

பி.எம். சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். நமக்கு 1.80 லட்சம். ஆனால் அது பேனல் பொருத்தி, மின் இணைப்பு முடிந்த பிறகுதான் வரும். அதுவரை முழுத் தொகையும் நம் பொறுப்பு. திட்டம் 2026-27 நிதியாண்டு வரைதான்.

மானியம் போக நிற்பது 3.70 லட்சம், 8 சதவீதத்தில் மாதம் 7,500. நம் பொது இணைப்பில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கட்டுகிறோம், வீட்டு இணைப்பு மாதிரி முதல் 100 யூனிட் இலவசமும் கிடையாது. (அதனால்தான் வீட்டுக்கு வீடு போடுவதைவிடப் பொது இணைப்புக்கு முதலில் போடுவது லாபம் என்கிறேன்.) 10 கிலோவாட் பேனல் வருடத்துக்கு 14,000 யூனிட் போலத் தரும். கொஞ்சம் வீணாகும் என்று தள்ளிப் பார்த்தாலும் மாதம் 7,500 மிச்சம். தவணைக்குச் சரியாகப் போய்விடும், சந்தா ஏறாது.

ஒரே ஒரு நிபந்தனை. நாம் மோட்டார் போடுவது இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலையிலும். அது அப்படியே தொடர்ந்தால் என் கணக்கு தவறிவிடும். பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் தொட்டி நிரம்ப வேண்டும். தூசியும் நம் ஊரில் அதிகம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேனல் துடைக்க ஆள் வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பு படியும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இன்வெர்ட்டர் மாற்ற வேண்டிவரும். கடன் அடைந்த மறுமாதத்திலிருந்தே அதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

மொட்டை மாடியில் வடகம் காயப்போடுகிறவர்களுக்கு மேற்கு மூலையை விட்டுவிட்டுத்தான் அளந்திருக்கிறேன். வரைபடம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. மூன்று நிறுவனங்களிடம் விலைப்பட்டியல் வாங்கவும், மாடியின் தாங்குதிறனை ஒரு பொறியாளரிடம் காட்டவும் செயற்குழுவுக்கு இன்று அனுமதி கொடுங்கள். கடன் வாங்குவதா என்பதை, விலை கைக்கு வந்த பிறகு ஓட்டுக்கு விடுவோம். வாடகைக்கு இருப்பவர்களும் அன்றைக்கு வந்து பேசலாம். பில்லில் அவர்கள் பங்கும் இருக்கிறது.